வன்னி வெயிலில் நாஸ் பெட்டி: ஹார்ட் டிஸ்க் கொதித்தால் எங்கே தேடுவது, என்ன செய்வது

வீட்டு வலையமைப்பில் எல்லோரும் பகிர்ந்து பாவிக்கும் சேமிப்புப் பெட்டியைத்தான் நாஸ் என்கிறோம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நான் பார்த்த பெட்டிகளில் அனேகமாக இரண்டு விதமான பொருள் இருக்கும். ஒன்று சிசிரிவி கமராப் பதிவு. மற்றது குடும்பப் படங்கள். 2008, 2009 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் பிறகு கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டுக் கேட்டு, பழைய கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம் என்று ஸ்கான் பண்ணி எடுத்துச் சேர்த்தவை அவை. படம் தந்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் படங்கள் இருக்கிற டிஸ்க் கொதிக்கிறது என்றால் அதைச் சும்மா விடக்கூடாது. ஆனால் பதறி அடித்துப் பெட்டியைப் பிரிக்கவும் கூடாது. ஒழுங்காகத் தேடினால் காரணம் கிடைக்கும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை 'டிஸ்க் 40 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும்' என்கின்றன. குளிர்நாட்டு வீட்டுக்கு அது சரி. சித்திரை மாதம் மாங்குளத்தில் அறையே 34, 35 பாகையில் நிற்கும்போது, ஏசி இல்லாத வீட்டில் அந்த எண்ணைப் பிடிக்க முடியாது. பிடிக்கத் தேவையும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது டிஸ்க் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கை வைத்தே போகிறது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு பிரதி

சூடான டிஸ்க் பல மாதம் ஓடலாம், இன்றிரவே நிற்கவும் செய்யலாம். ஆகவே முதல் வேலை, இழக்க முடியாதவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பது. எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை. படங்கள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கான்கள், பிள்ளைகளின் வீடியோ ஆகியவை போதும். கமராப் பதிவும் சினிமாப் படங்களும் பிறகு. நீண்ட நேரம் பிரதி எடுத்தால் டிஸ்க் இன்னும் சூடாகும் என்பதால் இந்த வேலையை விடியற்காலையில் செய்யுங்கள், பெட்டியின் முன்பக்கம் ஒரு மேசை ஃபானைத் திருப்பி வையுங்கள்.

ஒரே பொருளை இரண்டு டிஸ்கிலும் சேர்த்து எழுதும் ஏற்பாட்டை ரெய்ட் என்பார்கள். 'இரண்டு டிஸ்கில் ரெய்ட் போட்டிருக்கிறேன், ஒன்று போனாலும் மற்றது இருக்கும்' என்று நம்பி இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வெக்கையில், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கின்றன. ஒன்று சூட்டால் போனால், புதிய டிஸ்கைப் போட்டு ரெய்டைத் திரும்பக் கட்டும்போது மிஞ்சிய டிஸ்க்தான் மணிக்கணக்காக முழு வேகத்தில் வாசிக்கப்படும். ஏற்கெனவே களைத்த டிஸ்க் அந்த நேரத்தில் கைவிடுவது நடக்கிற காரியம். பிரதி என்பது வேறு டிஸ்கில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

எண்ணைச் சரியாக வாசித்தல்

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டியில் ஸ்டோரேஜ் மேனேஜருக்குள் போய் டிஸ்கைத் தெரிவு செய்தால் வெப்பநிலையும் ஸ்மார்ட் விவரமும் வரும். கியூநாப் நிறுவனத்தின் பெட்டியிலும் ஸ்டோரேஜ் பகுதியில்தான். பழைய கணினியில் ஓப்பன்மீடியாவோல்ட் அல்லது ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு அதே விவரத்தை ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் தரும்.

பட்டியலில் 194-ஆம் இலக்கம் வெப்பநிலை. சில டிஸ்குகளில் 190-உம் வெப்பநிலையையே காட்டும். இங்கே பலர் தடுமாறுவார்கள். ஒரே வரியில் பல எண்கள் இருக்கும். 'வேல்யூ' என்ற நிரலில் 110 போன்ற ஒன்று தெரிந்தால் டிஸ்க் 110 பாகையில் எரிகிறது என்று பொருள் இல்லை. அது நிறுவனத்தின் உள்கணக்கு. 'ரோ வேல்யூ' என்ற நிரலில் இருப்பதுதான் உண்மையான பாகை. சில டிஸ்குகளில் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வெப்பநிலையும் இருக்கும். இப்போது 46 காட்டினாலும் ஆகக் கூடியது 62 என்று இருந்தால், நீங்கள் பார்க்காத ஏதோ ஒரு பின்னேரம் அந்த டிஸ்க் கடுமையாகக் கொதித்திருக்கிறது.

அதே பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று இலக்கங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், வாசிக்கச் சிரமப்படும் இடங்கள், வாசிக்கவே முடியாதவை என்பவற்றின் எண்ணிக்கை அவை. மூன்றும் பூச்சியமாக இருந்தால் நல்லது. இந்தத் தாளைப் பிறகும் பார்க்க வேண்டி வரும்.

அறைச் சூட்டைக் கழியுங்கள்

கடையில் விற்கும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். அதைப் பெட்டியின் பின்னால் வைக்காதீர்கள், அங்கே பெட்டி துப்பும் சூட்டுக் காற்றைத்தான் அளக்கும். பெட்டியின் முன்பக்கம், ஒரு முழம் தள்ளி, அதே உயரத்தில் வையுங்கள். கைபேசி காட்டும் வானிலை எண்ணை நம்ப வேண்டாம். அது ஊரின் சூடு, உங்கள் அறையின் சூடு அல்ல.

அரை மணி நேரம் கழித்து இரண்டு எண்களையும் பாருங்கள். பின்னேரம் மூன்று மணிபோல் ஒரு தடவை, விடியப்புறம் ஒரு தடவை எடுப்பது நல்லது. டிஸ்க் எண்ணிலிருந்து அறை எண்ணைக் கழியுங்கள்.

வித்தியாசம் 10-க்குள் என்றால் பெட்டி நன்றாக மூச்சு விடுகிறது. 10 முதல் 15 வரை சாதாரணம். 15-ஐத் தாண்டினால் காற்றோட்டத்தில் எங்கோ அடைப்பு. 20-ஐத் தாண்டினால் அனேகமாக ஃபான் நின்றுவிட்டது, அல்லது பெட்டி தான் துப்பிய சூட்டையே திரும்ப இழுக்கிறது. இவை எந்த நிறுவனமும் போட்ட கோடுகள் அல்ல. இங்குள்ள வீடுகளில் பார்த்துப் பார்த்து நான் வைத்திருக்கும் கணக்கு.

இந்தக் கணக்கின் பயன் பெரிது. டிஸ்க் 48, அறை 36 என்றால் வித்தியாசம் 12. பெட்டியில் ஒரு பிழையும் இல்லை, அறைதான் சூடு. அங்கே போய் ஃபானை மாற்றினால் காசு வீண். டிஸ்க் அதே 48, அறை 28 என்றால் வித்தியாசம் 20. மார்கழி மழையில் அந்த எண்ணைப் பார்த்து 'பரவாயில்லை, 50-க்குக் கீழே தானே' என்று விட்டால், சித்திரையில் அதே பெட்டி 55-ஐத் தொடும். கோடையில் வரப்போகும் சிக்கலை மாரியிலேயே காட்டிக்கொடுப்பது இந்தக் கழித்தல்தான்.

ஒரு டிஸ்க் மட்டுமா, எல்லாமா?

எல்லா டிஸ்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் காரணம் வெளியே: இடம், தூசி, ஃபான், அறை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஏழு எட்டுப் பாகை கூடுதலாக இருந்தால் அந்த டிஸ்கையே சந்தேகியுங்கள். நான்கு டிஸ்க் போடும் பெட்டியில் நடுவில் இருப்பவை இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருப்பது வழமை, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தனியாகச் சூடாகும் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் வகையாக இருக்கலாம். 5400 வகை வேலை செய்யும்போது 5 வாட்டுக்குக் கிட்டத்தட்ட எடுத்தால், 7200 வகை ஏழெட்டு வாட் எடுக்கும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரே வகை, ஒரே வேலை, இருந்தும் ஒன்று மட்டும் சூடு என்றால் 5, 197, 198-ஐத் திரும்பப் பாருங்கள், காதை வைத்துக் கேளுங்கள். கரகரப்பு, 'டிக் டிக்' என்று ஒழுங்கான தட்டல், நின்று நின்று திரும்பச் சுற்றத் தொடங்கும் சத்தம் ஆகியவை கேட்டால் காற்றோட்டத்தைத் திருத்தி நேரத்தைக் கடத்தாமல் புதிய டிஸ்க் வாங்கும் வழியைப் பாருங்கள்.

பெட்டி இருக்கும் இடம்

பாதி வீடுகளில் சிக்கல் இங்கேயே முடிந்துவிடுகிறது.

கிளிநொச்சியில் ஒரு வீட்டில் பெட்டி ரீவி ஸ்டாண்டுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேலே பூ வேலை செய்த துணி போர்த்தபடி இருந்தது. புழுதி படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். அறை 33, டிஸ்குகள் 55. கதவைத் திறந்து, துணியை எடுத்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தோம். தேத்தண்ணி குடித்து முடித்துக் கொஞ்சம் கதைத்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் 46-க்கு இறங்கிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

சீற் போட்ட வீடுகளிலும் வீட்டுத்திட்ட வீடுகளிலும் இன்னொரு பழக்கம், பிள்ளைகளின் கை எட்டாமல் அலுமாரிக்கு மேல் வைப்பது. கூரையின் சூடு இறங்கித் தங்கும் இடம் அது. தட்டுப்பந்தல் இல்லாத சீற் வீட்டில் பின்னேரம் ஒரு கதிரையில் ஏறி நின்று பார்த்தால் முகத்தில் வெக்கை அடிப்பது தெரியும். மேசை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலத்தில் வைக்க வேண்டாம், கூட்டும்போது எழும்பும் தூசியும் எறும்பும் அங்கேதான். மாரியில் வெள்ளம் ஏறும் பகுதி என்றால் சொல்லவே வேண்டாம்.

மேற்குப் பார்த்த சுவர் பின்னேர வெயில் முழுவதையும் குடித்து இரவு ஒன்பது பத்து மணி வரை உள்ளே விடும். வடக்கு அல்லது கிழக்குச் சுவர்ப் பக்கம் வையுங்கள். யன்னல் வழியாக வெயில் விழும் இடமும் கூடாது. குசினிக்கு அடுத்த அறை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்பக்கம், யூபிஎஸ்சுக்கு மேல், ரவுட்டருக்கு மேல் எதுவும் வேண்டாம். யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் மின் தரும் பற்றரிப் பெட்டியும் சூட்டைத் துப்பும் பொருள்தான்.

முன்னால் மறைப்பு இருக்கக் கூடாது. பின்னால் ஒரு சாண் இடம். அடியில் ரப்பர்க் கால்கள் இருக்க வேண்டும், துணிமேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிவிடும்.

ஃபானும் புழுதியும்

கடதாசித் துண்டு ஒன்றை எடுத்துப் பெட்டியின் பின்பக்க ஃபானுக்கு முன்னால் பிடியுங்கள். பெரும்பாலான இரண்டு, நான்கு டிஸ்க் பெட்டிகளில் ஃபான் காற்றை வெளியே தள்ளும், கடதாசி அப்பால் பறக்க வேண்டும். முன்பக்கத்தில் பிடித்தால் மெல்ல ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் ஃபான் நின்றிருக்கலாம், அல்லது வழி அடைபட்டிருக்கலாம்.

திறப்பதற்கு முன் மென்பொருளில் ஒன்றைப் பாருங்கள். சினாலஜியில் கண்ட்ரோல் பேனலுக்குள் ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதியில் ஃபான் வேகத்தைத் தெரிவு செய்யும் இடம் இருக்கிறது. பல பெட்டிகள் 'குவயட்' நிலையில் இருக்கும். சத்தம் குறையட்டும் என்று ஃபானை மெதுவாக ஓட விடும் நிலை அது. 'கூல்' நிலைக்கு மாற்றுங்கள். கியூநாப்பில் ஹார்ட்வேர் பகுதியில் ஸ்மார்ட் ஃபான் என்று இருக்கும். படுக்கை அறையில் பெட்டி இல்லாவிட்டால் முழு வேகத்தில் விடுவதிலும் தவறில்லை. ஃபான் தேய்ந்தால் மலிவாக மாற்றலாம்.

அப்புறம் துப்புரவு. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும் காலத்தில் கிறவல் வீதிப் புழுதி யன்னலை மூடினாலும் வரும். அரிவு வெட்டுக் காலத்தில் நெல் தூசியும் சேரும். பிறகு மாரி ஈரத்தில் இரண்டும் சேர்ந்து முன்பக்க வலையில் கம்பளித் துண்டு போலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி சுத்தமாகத்தான் தெரியும். டோர்ச் அடித்து டிஸ்க் தட்டுகளுக்கு இடையே பார்த்தால்தான் விளங்கும்.

பெட்டியை மென்பொருள் வழியாக முறையாக நிறுத்துங்கள். விளக்குகள் அணைந்த பிறகு வயரைக் கழற்றுங்கள். டிஸ்குகளை வெளியே எடுப்பதென்றால் ஒவ்வொன்றிலும் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். காய்ந்த, மெல்லிய பெயின்ற் பிரஷ் ஒன்றால் வலையையும் ஃபான் இதழ்களையும் துடையுங்கள். ஃபானை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், காற்று ஊதி அதைத் தாறுமாறாகச் சுழல விடக்கூடாது. டயர் கடைக் கொம்பிரசர்க் காற்று வேண்டாம். அதில் தண்ணீர்த் துளி வரும், அழுத்தமும் மிகக் கூடுதல். ஈரத் துணி, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

இங்கே கட்டாயம் தேட வேண்டிய இன்னொன்று குளவிக்கூடு. சுவரில் மண்கூடு கட்டும் குளவி, பெட்டியின் பின்பக்கத் துளைகளிலும் பாவிக்காத யூஎஸ்பி ஓட்டையிலும் கட்டும். காய்ந்த களிமண் ஃபான் இதழில் விழுந்தால் ஃபான் நிறை தவறி அதிரும், அந்த அதிர்வு டிஸ்குக்கும் கூடாது. பல்லி எச்சம், எறும்பு முட்டை ஆகியவற்றையும் பாருங்கள். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம்.

ஃபானை விரலால் மெல்லத் தட்டினால் இரண்டு மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுகி நின்றால் மாற்றுங்கள். வாங்கும்போது அளவு (சிறிய பெட்டிகளில் 92 மில்லிமீற்றர் வகை நிறைய), தடிப்பு, 12 வோல்ட், வயர் மூன்றா நான்கா என்ற நான்கும் பொருந்த வேண்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியால் படம் எடுங்கள். காற்றுப் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பல ஃபான்களின் சட்டத்தில் இருக்கும். திசை மாறிப் பூட்டினால் ஃபான் ஓடும், சூடு மட்டும் குறையாது.

மூடியைக் கழற்றி வைத்தால் குளிரும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாஸ் பெட்டி அப்படிச் செய்யப்பட்டதில்லை. முன்னால் நுழையும் காற்று டிஸ்குகளுக்கு இடையே உரசிக்கொண்டு போய்த்தான் பின் ஃபானை அடைய வேண்டும். மூடி திறந்திருந்தால் ஃபான் பக்கத்திலிருக்கும் காற்றையே இழுத்துவிட்டு டிஸ்குகளை விட்டுவிடும். வெறுமையான தட்டுகளையும் அதனால்தான் அவற்றின் இடத்திலேயே விட வேண்டும்.

வேலையை விடியப்புறத்துக்கு மாற்றுங்கள்

காற்றோட்டம் சரி, ஃபான் சரி, இருந்தும் பின்னேரத்தில் மட்டும் ஏறுகிறதா? அந்த நேரத்தில் டிஸ்க் என்ன செய்கிறது என்று பாருங்கள். ரெய்ட் சரிபார்ப்பு, ஸ்மார்ட் நீண்ட சோதனை, படங்களில் முகம் தேடும் வேலை, டொரன்ட் பதிவிறக்கம் எல்லாம் டிஸ்கை ஓயாமல் ஓட்டும். இவற்றுக்கு நேர அட்டவணை போடும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு மாற்றுங்கள். ரெய்ட் சரிபார்ப்பு ஒரு இரவில் முடியாது என்றால் தை, மாசியில் செய்யலாம்.

டிஸ்கைத் தூங்க வைக்கும் வசதியும் உதவும். ஆனால் பத்து நிமிடம் என்று வைத்தால் நாள் முழுக்க நின்று நின்று ஓடும், அந்தத் தேய்மானம் நல்லதல்ல. ஒரு மணி நேரம் வையுங்கள். கமராப் பதிவு ஓடும் டிஸ்க் எப்படியும் தூங்காது, முடிந்தால் கமராவுக்கு ஒரு டிஸ்க், படங்களுக்கு வேறொன்று என்று பிரித்துவிடுங்கள்.

கரண்ட் போகும்போது

2022 பங்குனி கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது பலர் யூபிஎஸ் வாங்கினார்கள். நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால் அறையின் ஃபான் நிற்கும், நாஸ் மட்டும் யூபிஎஸ்சில் ஓடும், அசையாத காற்றில் சூடு ஏறும். யூபிஎஸ்சை யூஎஸ்பி வயரால் நாஸோடு இணைத்து, ஐந்து நிமிடத்தில் தானாகவே முறைப்படி நிற்கும்படி அமையுங்கள். அதே வயர் திடீர் நிறுத்தத்தால் தரவு கெடுவதையும் தடுக்கும். டிஸ்குகள் அடிக்கடி நின்று திரும்பச் சுற்றினால் பெட்டியின் அடப்டரையும் சந்தேகியுங்கள், 12 வோல்ட் சரியாக வராத அடப்டர் டிஸ்கை வாட்டும்.

ரவுட்டரில் செருகிய டிஸ்க்

நாஸ் இல்லாமல், ரவுட்டரின் யூஎஸ்பியில் வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிப் பாவிக்கும் வீடுகளும் நிறைய. அதில் ஃபானே இல்லை, பிளாஸ்டிக் கூடு சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். ரப்பர் உறையைக் கழற்றுங்கள். நீளமான வயர் போட்டு ரவுட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் கமராப் பதிவுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

எந்த எண்ணில் என்ன

நாஸுக்கென்று வரும் டிஸ்குகளுக்கு நிறுவனங்கள் போடும் மேல் எல்லை பெரும்பாலும் 65 பாகைக்கு அருகில். சாதாரண டெஸ்க்டொப் டிஸ்குகளில் 60 என்று போட்டிருப்பது உண்டு. அது தாண்டக்கூடாத கோடு, வாழக்கூடிய இடம் அல்ல. கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், நடுத்தரச் சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு கிடைக்கவில்லை. மிகக் கூடிய சூட்டிலும், மூன்று வருடம் கடந்த டிஸ்குகளிலும்தான் அது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே 46, 47 என்று பார்த்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். பழைய டிஸ்க் தொடர்ந்து 50-க்கு மேல் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது.

நான் சொல்வது இப்படி: 50 தொட்டால் பெட்டி குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பும்படி அறிவிப்பு அமையுங்கள், அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் பின்னேரங்களில் நீங்களே பாருங்கள். 55 என்றால் கனமான வேலைகளை நிறுத்தி, மேசை ஃபானை வையுங்கள். 60 என்றால் முறையாக நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஐஸ் கட்டி, ஈரச் சாக்கு, குளிர்சாதனப் பெட்டி மூன்றும் வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் நம் காற்றின் ஈரம் துளியாகப் படியும், அது சூட்டைவிட வேகமாகக் கொல்லும்.

எல்லாம் செய்து வித்தியாசம் 15-க்குள் வந்தும் 197-ஆம் இலக்கம் வாராவாரம் கூடினால் அந்த டிஸ்கின் காலம் முடிந்தது. மாற்றும்போது 5400 வகையைக் கேளுங்கள். நான்கு சிறிய டிஸ்குக்குப் பதில் இரண்டு பெரியவை போட்டால் சூடும் ஏறக்குறையப் பாதி. முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில், புதியதைப் பூட்டும்போது செருகும் இடத்தின் உலோகப் பற்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அது வரும், இருந்தால் அந்தத் தட்டை விட்டு வேறு தட்டில் போடுங்கள்.